சின்னக் காரின் மைலேஜ்: பெட்ரோல் எந்தச் சாலையில் கரைகிறது?

உடுமலைக்கு அருகிலுள்ள கொமரலிங்கத்தில் ஆல்ட்டோவோ வேகன்ஆரோ வைத்திருப்பவரிடம் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டால் இரண்டு எண்கள் வரும். ஒன்று ஷோரூமில் சொன்னது, மற்றொன்று கையில் கிடைப்பது. ஆல்ட்டோ கே10 மேனுவல் கியர் காருக்கு நிறுவனம் தரும் எண் லிட்டருக்கு 24.39 கிலோமீட்டர். அது பொய் இல்லை. ஆனால் அந்த எண் பிறந்த இடம் சாலை அல்ல, சோதனைக்கூடம். உருளைகளின் மேல் காரை நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, குறிப்பிட்ட வேக அட்டவணைப்படி ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த அட்டவணையில் உச்ச வேகமே 90 கிலோமீட்டர்தான். எதிர்காற்று கிடையாது, கரும்பு டிராக்டர் கிடையாது, ஊருக்கு நாலு வேகத்தடை கிடையாது.

ஆகவே 24 வரவில்லையே என்று மெக்கானிக்கிடம் போய் நிற்பதற்கு முன், நம் வண்டி ஓடும் சாலைகள் ஒவ்வொன்றும் பெட்ரோலை எப்படி வாங்கிக்கொள்கின்றன என்று பார்த்துவிடுவது நல்லது. கொமரலிங்கத்துக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. வயலோரச் சாலை, நான்கு வழிச்சாலை, காற்றாலைக் காடு, திருப்பூர் நெரிசல், மூணாறு மலைப்பாதை எல்லாமே ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கின்றன. ஒரே கார் இந்த ஐந்திலும் ஐந்து விதமாகத்தான் கணக்குக் காட்டும்.

முதலில் அளவு

"ஐநூறுக்குப் போடுங்க" என்று சொல்லும் பழக்கம் இருக்கும்வரை மைலேஜ் தெரியவே தெரியாது. ஒரு முறை டேங்க்கை நிரப்புங்கள். துப்பாக்கி தானாக 'டப்' என்று நின்றதும் அதோடு போதும் என்று சொல்லிவிடுங்கள். பங்க்கில் வேலை செய்பவர் பழக்கதோஷத்தில் "ரவுண்டு பண்ணிரட்டுங்களா?" என்பார், வேண்டாம். மீட்டரில் இருக்கும் கிலோமீட்டரை எழுதிக்கொள்ளுங்கள். முக்கால் டேங்க் தீரும்வரை ஓட்டிவிட்டு, முடிந்தால் அதே பங்க்கில், மறுபடி 'டப்' வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை விழுந்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். ஒரு டேங்க்கின் கணக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இரண்டு மூன்று டேங்க்குகளின் சராசரிதான் பேசும். டேஷ்போர்டுத் திரை காட்டும் எண் பெரும்பாலான கார்களில் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க உதவும், கணக்குப் புத்தகத்துக்கு உதவாது.

இந்த எண் வந்த பிறகு ஒரு சிறு கணக்கையும் போட்டுப் பாருங்கள். கொமரலிங்கத்திலிருந்து திருப்பூர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வாரம் இரண்டு முறை போய் வருபவருக்கு நான்கு வாரத்தில் 1,280 கிலோமீட்டர் ஆகிறது. லிட்டருக்கு 17 கொடுக்கும் கார் 75 லிட்டர் குடிக்கும். 21 கொடுத்தால் 61 போதும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே நான்கு வாரத்துக்கு 1,400 ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சம். இந்த 17-க்கும் 21-க்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் ஓட்டுபவரின் வலது கால்.

பிரேக்கில் போகும் பெட்ரோல்

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே காசு கொடுத்து எரித்த பெட்ரோலைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம்.

கணக்கு இப்படி. ஆட்களோடு சேர்த்து 950 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது. அந்த வேகத்தை அதற்குக் கொடுக்க எஞ்சின் சுமார் 16 மில்லி பெட்ரோல் எரித்திருக்கும். சின்ன எஞ்சின் பெட்ரோலின் சக்தியில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. வேகத்தடைக்கு முன்னால் பிரேக் அடித்து ஊர்ந்தால் அந்த 16 மில்லியில் 15 போய்விடும். தடையைத் தாண்டி மறுபடி 60-ஐ எட்ட இன்னொரு 15 வேண்டும். சீராக ஓடினால் அதே 15 மில்லியில் கார் 300 மீட்டர் போயிருக்கும்.

இப்போது கொமரலிங்கத்திலிருந்து உடுமலை போகும் வழியை மனதில் ஓட்டிப் பாருங்கள். பள்ளிக்கூடத்துக்கு முன் ஒரு தடை, கோயிலுக்கு முன் ஒன்று, பஸ் நிற்கும் இடத்தில் ஒன்று. இருபது கிலோமீட்டர்கூட இல்லாத வழியில் பத்து இடத்தில் பிரேக் அடித்தால் 150 மில்லி. ஒரு லிட்டர் கேட்கும் பயணத்தில் ஆறில் ஒரு பங்குக்கு அருகில் பிரேக் சூட்டிலேயே தீர்ந்துவிடுகிறது.

வேகத்தடையை எடுக்கச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டியதில்லை. அது குழந்தைகளுக்காகப் போட்டது, இருக்கட்டும். செய்ய வேண்டியது, தடை வருவதற்கு நூற்றைம்பது, இருநூறு மீட்டருக்கு முன்பே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவது. கியர் கியரிலேயே இருக்கட்டும், கிளட்சைத் தொடாதீர்கள். இன்றைய ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் கார்களில், கால் எடுத்த நிலையில் கியரில் உருளும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்புவதை கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. அந்த இருநூறு மீட்டரும் பெட்ரோல் இல்லாமல் போகும் தூரம். வேகம் நன்றாகக் குறைந்து வண்டி லேசாக உதறும் நிலைக்கு வரும்போது கிளட்ச் மிதித்து இரண்டாம் கியருக்கு வந்தால் போதும்.

தினமும் அதே சாலையில் போகிறவருக்கு எல்லாத் தடைகளும் தெரியும். வெள்ளைக்கோடு அழிந்த தடைகூட எந்தப் புளியமரத்துக்கு அடுத்தது என்று தெரியும். அந்த அறிவைக் காலுக்குக் கொண்டுவருவதுதான் பயிற்சி. பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் வலப்பக்கம் வழி விட்டுவிடுங்கள். அடுத்த தடையில் அவரும் நின்றுகொண்டுதான் இருப்பார்.

முன்னால் போகும் வண்டியோடு விடும் இடைவெளியும் இதே கணக்கில்தான் வருகிறது. காலை ஏழரைக்கு மேல் பனியன் கம்பெனி வேன்கள் ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றும். அவற்றின் பின்பம்பரை ஒட்டியே போனால் அவை நிற்கும்போதெல்லாம் நாமும் நிற்க வேண்டும். நாற்பது, ஐம்பது மீட்டர் விட்டு வந்தால் வேன் நின்று கிளம்புவதற்குள் நாம் உருண்டே வந்து சேர்ந்துவிடலாம். முழுதாக நிற்பதற்கும் 20 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டுகொண்டிருப்பதற்கும் பெட்ரோலில் நல்ல வித்தியாசம் உண்டு. முதல் கியர்தான் எல்லாக் கியர்களிலும் பெருந்தீனிக்காரன்.

கரும்பு டிராக்டரை முந்தும் அவசரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆலைக்குப் போகும் பாரத்துடன் அது இருபதில் போகும். மூன்றாம் கியரில் உறுமிக்கொண்டு முந்திவிட்டு, அரை கிலோமீட்டரில் ஊருக்குள் பிரேக் அடிப்பதால் நேரமும் மிச்சமாவதில்லை, பெட்ரோலும் மிச்சமாவதில்லை. வழி தெளிவாக, நீளமாகத் தெரியும்போது முந்துங்கள். முந்தும்போது மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், தேவையான அளவு மிதியுங்கள். அங்கே மைலேஜைவிட உயிர் பெரிது.

கியரைப் பொறுத்தவரை, ஒரு லிட்டர் எஞ்சின் கார் சமதளத்தில் 30 வாக்கில் இரண்டிலிருந்து மூன்றுக்கும், 40-ஐ ஒட்டி நான்குக்கும், 50-க்கு மேல் ஐந்துக்கும் வந்துவிடலாம். உதறினால் ஒரு கியர் இறக்குங்கள். கையேட்டில் உங்கள் காருக்கென்று வேறு எண் இருந்தால் அதுவே சரி.

ஆடிக் காற்று

மைலேஜ் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் காற்றுக்கு ஒரு வரிதான் இருக்கும். நம் பகுதிக்கு அது போதாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்ற பெரிய இடைவெளி இருக்கிறது. தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் காற்று அதன் வழியே நெருக்கிக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் பாய்கிறது. குடிமங்கலத்திலும் கேத்தனூரிலும் காற்றாலைகள் காடு போல நிற்பது அதனால்தான். மின்சாரத்துக்கு வரமாக இருக்கும் அதே காற்று, மேற்கே போகும் காருக்குச் சுமை.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறும். 60-இல் போகும் காருக்கு எதிரே 30 கிலோமீட்டர் காற்று வீசினால், கார் 90-இல் போவதாகவே காற்று நினைத்துக்கொள்ளும். எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகும். ஸ்பீடாமீட்டரில் அறுபது என்றுதான் இருக்கும், பெட்ரோல் தொண்ணூறுக்குரிய காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஆனி, ஆடியில் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும்போது மைலேஜ் இறங்கி, திரும்பி வரும்போது ஏறுவதன் காரணம் இதுவே. வண்டியில் கோளாறு இல்லை.

இதற்கு இரண்டு வழி. வேலையைத் தள்ளிப்போட முடியாவிட்டால் விடிகாலையில் கிளம்புங்கள். பொதுவாகக் காற்று அப்போது அடங்கியிருக்கும், மதியத்துக்கு மேல் வலுக்கும். மற்றொன்று, எதிர்காற்றில் வேகத்தைப் பத்து கிலோமீட்டர் குறைத்துக்கொள்வது. காற்றாலை இறக்கைகள் எந்தப் பக்கம் பார்த்துச் சுற்றுகின்றன என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். உடுமலை–பல்லடம் சாலை வடக்கே போவதால் அங்கே பக்கக்காற்று. அதில் மைலேஜைவிட ஸ்டியரிங்கில் கவனம் வேண்டும். சின்னக் கார் லேசானது, லாரியைத் தாண்டி வெளியே வரும்போது ஒரு தள்ளுத் தள்ளும்.

காற்றில்லாத நாளிலும் வேகத்தின் கணக்கு மாறாது. பொள்ளாச்சி–மடத்துக்குளம்–ஒட்டன்சத்திரம் நான்கு வழிச்சாலையில் ஏறியவுடன் நூறைத் தொடக் கை துறுதுறுக்கும். 80-இலிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு 56 விழுக்காடு கூடுகிறது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அமெரிக்கா முதலில் எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, 1974-இல் நாடு முழுக்க நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 55 மைலுக்கு, அதாவது 89 கிலோமீட்டருக்கு, கட்டிப்போட்டதுதான். நம் நாட்டில் 1978 முதல் இயங்கும் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தையே சிக்கனமானதாகச் சொல்கிறது. நான்கு வழிச்சாலையில் 50-இல் ஊர்வது மற்றவர்களுக்கு ஆபத்து. இடது தடத்தில் 70, 75 என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் சமரசம். மடத்துக்குளத்திலிருந்து பொள்ளாச்சி வரை 100-இல் போவதற்கும் 75-இல் போவதற்கும் ஒரு டீக் குடிக்கும் நேரம்தான் வித்தியாசம்.

திருப்பூருக்குள்

பல்லடம் ரோடு வழியாகத் திருப்பூருக்குள் நுழைந்ததும் விளையாட்டு மாறிவிடும். இங்கே காற்று எதிரி இல்லை, நிற்பதுதான் எதிரி. சும்மா ஓடும் ஒரு லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்குப் பத்து மில்லி அளவில் குடிக்கும். ஏ.சி. போட்டிருந்தால் இன்னும் கூடும். குமரன் ரோட்டிலும் புஷ்பா தியேட்டர் அருகிலும் சிவப்பு விளக்கில் நிற்கும் நிமிடங்களைக் கூட்டினால் நாளுக்குக் கால் லிட்டர் எளிதாக வந்துவிடும். சிக்னலில் நொடி எண் ஓடினால் நல்லது. முப்பது நொடிக்கு மேல் காட்டினால் எஞ்சினை அணையுங்கள். திரும்ப ஸ்டார்ட் செய்யத்தான் நிறையப் பெட்ரோல் ஆகும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. ஆனால் பேட்டரி பழையதாக இருந்தால் இந்தப் பழக்கத்தை பேட்டரி மாற்றிய பிறகு தொடங்குங்கள்.

இதைவிடப் பெரிய மிச்சம் ஒன்று இருக்கிறது. டையிங்குக்கு ஒரு முறை, பிரிண்டிங்குக்கு ஒரு முறை, செக்கிங்குக்கு ஒரு முறை என்று ஊருக்குள் தனித்தனியாக வண்டியை எடுப்பவர்கள் நிறையப் பேர். குளிர்ந்த எஞ்சினுக்கு கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். சூடேறும்வரை, அதாவது முதல் சில கிலோமீட்டருக்கு, மைலேஜ் மோசமாகவே இருக்கும். ஆகவே தொலைவான வேலையை முதலில் முடித்து, எஞ்சின் சூடாக இருக்கும்போதே மற்ற இடங்களைத் தொட்டு வாருங்கள். கொமரலிங்கத்துக்குள் பால் வாங்கவும் பேருந்து நிலையம் வரை போகவும் காரை எடுக்காதீர்கள். காலையில் நிறுத்தி வைத்தே எஞ்சினைச் சூடேற்றுவதும் வேண்டாம். அரை நிமிடத்தில் கிளம்பி, முதல் இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினால் போதும்.

டிக்கியில் கிடக்கும் பீஸ் மூட்டை, சாம்பிள் அட்டைப்பெட்டி, போன மாதத்துத் தேங்காய்ச் சாக்கு ஆகியவற்றை இறக்கிவிடுங்கள். மேலே கேரியர் கட்டியிருந்தால், தேவையில்லாத நாளில் கழற்றி வையுங்கள். சுமை நெரிசலில் கடிக்கும், கேரியர் நெடுஞ்சாலையில் கடிக்கும்.

மலையிறக்கம்

உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போகும்போது கார் 1,100 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. அந்த உயரத்துக்கு மட்டும் ஒன்றேகால் லிட்டர் பெட்ரோல் ஆகும். அதைத் தவிர்க்க முடியாது. கியரை இறக்கி, எஞ்சினைத் திணறவிடாமல் ஏற்றுங்கள்.

இறங்கும்போதுதான் அந்தப் பணத்தில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்க வேண்டும். இங்கே ஒரு பழைய பழக்கம் நம் ஓட்டுநர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. நியூட்ரலில் போட்டு உருட்டுவது, சிலர் எஞ்சினையே அணைப்பது. அம்பாசிடரும் பழைய மாருதி 800-உம் கார்புரேட்டரில் ஓடிய காலத்தில் அதில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கலாம். இன்றைய காரில் நியூட்ரலில் உருண்டால் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டிலோ மூன்றிலோ கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் ஒரு சொட்டும் குடிக்காது. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கும் சூடாகாது. எஞ்சினை அணைத்தால் சில மிதியிலேயே பிரேக் கட்டையாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். ஆழியாறு–வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அதைச் செய்து பார்ப்பது உயிரை வைத்து விளையாடுவது.

டயரும் பட்டறையும்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயரில் எவ்வளவு காற்று என்று அதில் இருக்கிறது. ஆள் குறைவாக இருக்கும்போது ஒன்று, முழுச் சுமைக்கு வேறொன்று. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, காலையில் ஓட்டுவதற்கு முன் பாருங்கள். வெயிலில் ஓடிவந்த டயரில் அளந்தால் கூடுதலாகக் காட்டும், "காத்து சரியா இருக்குதுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். குறைந்த காற்றில் ஓடும் டயர் நசுங்கி நசுங்கிச் சூடாகும், அந்தச் சூடு பெட்ரோலிலிருந்து வருவது.

ஏ.சி.யைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம். 60-க்கு மேல் கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போடுங்கள். வெயிலில் நின்ற காரை முதல் ஒரு நிமிடம் கண்ணாடி திறந்தே ஓட்டிச் சூட்டை வெளியேற்றுங்கள். நம் பகுதிக்கே உரிய ஒன்று: நூல் மில்லுக்கும் விசைத்தறிக் கூடத்துக்கும் பக்கத்தில் நிற்கும் கார்களில் முன்புற ஏ.சி. கண்டென்சரில் பஞ்சும் தூசியும் படியும். அப்படிப் படிந்தால் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸர் நெடுநேரம் ஓடும். சர்வீஸில் அதைத் தண்ணீரால் மெதுவாகக் கழுவச் சொல்லுங்கள். அழுத்தமாக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

மெக்கானிக்கிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா? கோடையில் எஞ்சின் சூடேறுகிறது என்று வந்த காரில் அந்த வால்வையே கழற்றிப் போட்டுவிடும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. வால்வு இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும். அதுவரை கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் கொடுத்துக்கொண்டிருக்கும். அடுத்தது, என்ன கிரேடு ஆயில் ஊற்றுகிறீர்கள்? புதிய சின்ன எஞ்சின்கள் மெல்லிய ஆயிலுக்காக வடிவமைக்கப்பட்டவை. கையேட்டில் உள்ள கிரேடை விட்டுவிட்டு டிரம்மில் இருக்கும் கெட்டி ஆயிலை ஊற்றினால் எஞ்சின் அதைக் கலக்குவதற்கே உழைக்கும். மூன்றாவது பிரேக். இதை நீங்களே பார்க்கலாம். பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி வந்து நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுவிலும் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்க்கில் போடும் மாத்திரை போன்றவற்றில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. சொல்லிக்கொள்ளும்படி மிச்சம் தந்ததாக எதுவும் தேறவில்லை.

பெட்ரோலே மாறியிருக்கிறது

பழைய நோட்டில் 20 என்றும் இப்போது 19 என்றும் இருந்தால் ஓட்டும் முறையை மட்டும் குறை சொல்ல வேண்டாம். நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரியில் தொடங்கியது, இப்போது அதுவே பங்க்குகளில் வழக்கமாகக் கிடைப்பது. கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிய ஊர்களுக்கு எத்தனால் புதிய சரக்கு அல்ல. கரும்புப் பாகின் கழிவிலிருந்து வடிக்கும் எரிசாராயம்தான் அது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே பத்துப் பங்கு கலந்த பெட்ரோலில் 100 கிலோமீட்டர் ஓடிய அளவு, இருபது பங்கு கலந்ததில் 96, 97 கிலோமீட்டர் ஓடும். சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் குறைவு ஆறு, ஏழு விழுக்காடு. அதற்கு மேல் இறங்கியிருந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. டயரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

2023 ஏப்ரலுக்கு முன் வாங்கிய கார் என்றால் கையேட்டிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ எத்தனால் அளவு எவ்வளவு வரை அனுமதி என்று பாருங்கள். பத்து என்று மட்டும் இருந்தால், சர்வீஸ் விடும்போதெல்லாம் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் வெடிப்பு, கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் காரில் டேங்க் காலியாக இருக்க வேண்டாம். காலி இடத்துக் காற்றின் ஈரத்தை எத்தனால் இழுத்துக்கொள்ளும்.